மிளகு காயவைக்க ஜெனரேட்டரா? முதலில் யூனிட் கணக்குப் பார்ப்போம்!

கொல்லிமலை, வாழவந்திநாடு பகுதியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: ‘இரண்டு ஏக்கரில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறேன். ஊடே காபி இருக்கிறது. போன வருடம் மிளகு காயப்போட்ட நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பகுதி பூசணம் பிடித்துப் போனது. மின்சார உலர்த்தி வாங்கச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் மும்முனை மின்சாரம் சரியாக வருவதில்லை என்றேன். அப்படியானால் ஜெனரேட்டரும் சேர்த்து வாங்குங்கள் என்கிறார் விற்பனைக்காரர். கடன் வாங்கி இரண்டையும் வாங்கலாமா? அல்லது சோலார் போட்டு ஓட்ட முடியுமா?’

வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால், ஒரு வார்த்தையில் சொல்லி முடித்தால் அவருக்குத் திருப்தி வராது. இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் ட்ரோன் வாங்கலாமா என்கிறார். இன்னொருவர் குளிர்பதன அறை கட்டலாமா என்கிறார். எல்லோரும் இயந்திரத்தின் விலையை விசாரிக்கிறார்கள், மானியத்தை விசாரிக்கிறார்கள். வாங்கிய பிறகு அது தினமும் எவ்வளவு சக்தி கேட்கும், அந்தச் சக்தி எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் குறைவு. அதனால், மிளகில் தொடங்கி இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

100 கிலோ பச்சை மிளகில் எவ்வளவு தண்ணீர்?

100 கிலோ பச்சை மிளகைக் காயவைத்தால் சுமார் 33 கிலோ கருமிளகு கிடைக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மீதி 67 கிலோ எங்கே போனது? அத்தனையும் தண்ணீர். உலர்த்துவது என்றால் இந்த 67 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கி வெளியே அனுப்புவதுதான். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 0.65 யூனிட் வெப்பம் வேண்டும். இது இயற்கை விதி. எந்தக் கம்பெனி இயந்திரமாக இருந்தாலும் சூடான காற்றை ஊதி உலர்த்தும்போது இதைக் குறைக்க முடியாது. 67 லிட்டருக்கு ஏறக்குறைய 43 யூனிட். உலர்த்தியிலிருந்து வெளியேறும் காற்றோடும், பெட்டியின் சுவர் வழியாகவும் வெப்பம் வீணாகும். பாதிதான் வேலைக்கு ஆகும் என்று வைத்துக்கொண்டால் 90 யூனிட் செலவாகும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கிடைக்கிறதே, கிட்டத்தட்ட அந்த அளவை 100 கிலோ பச்சை மிளகு ஒரே தடவையில் குடித்துவிடும்.

இப்போது ஜெனரேட்டருக்கு வருவோம். சிறிய டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட் கொடுத்தால் நல்ல ஜெனரேட்டர். 90 யூனிட்டுக்கு 30 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் 2,760 ரூபாய். அதில் கிடைப்பது 33 கிலோ கருமிளகு. கிலோவுக்கு 84 ரூபாய் உலர்த்தும் செலவாகவே போகிறது. பறிப்புக் கூலி தனி, கடனுக்கு வட்டி தனி. அந்த 30 லிட்டரை 70 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டீசல் எரிந்தால் முதலில் வருவது வெப்பம். அதில் பெரும்பகுதியை ஜெனரேட்டர் புகையாகவும் சூடாகவும் வெளியே விட்டுவிட்டு, கால் பங்குக்குச் சற்று கூடுதலாக மட்டும் மின்சாரமாக மாற்றுகிறது. அந்த மின்சாரத்தைக் கம்பிச்சுருளில் விட்டு நாம் மறுபடியும் வெப்பமாக மாற்றுகிறோம். நெல்லைக் குத்தி அரிசியாக்கி, அந்த அரிசியைக் கொடுத்து மறுபடி நெல் வாங்குவது போன்ற வேலை இது.

சோலார் போட்டால்?

வாசகரின் இரண்டாவது கேள்வி நியாயமானது. வெயில் இலவசம்தானே? ஒரு கிலோவாட் சோலார் தகடு நம் பக்கத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கொடுக்கும். கார்த்திகை, மார்கழியில் மலையில் பனிமூட்டம் நிற்கும் நாட்களில் அதுவும் குறையும். ஒரே நாளில் 90 யூனிட் வேண்டும் என்றால் 22 கிலோவாட் தகடுகள் வேண்டும். பல லட்சம் ரூபாய் ஆகும். தகடுகள் மட்டுமே நூறு சதுர மீட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும். மிளகு வருடம் முழுவதும் காய்வதில்லை. இரண்டு, மூன்று மாதம் போக மற்ற நாட்களில் தகடுகள் சும்மா கிடக்கும்.

அதே வெயில் உங்கள் களத்தில் நேராக விழும்போது என்ன ஆகிறது பாருங்கள். தெளிவான வானம் இருந்தால் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்குச் சுமார் 5 யூனிட் வெப்பம் விழுகிறது. 20 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 215 சதுர அடிக் களத்தில் நாளுக்கு 100 யூனிட். நான்கு நாளில் 400 யூனிட். நமக்கு வேண்டியது 43 யூனிட். பெரும்பகுதி வீணானாலும் மிளகு காய்ந்துவிடும். நம் தாத்தாக்கள் களத்தில் காயவைத்தது வேறு வழி இல்லாததால் மட்டும் இல்லை. அதைவிடப் பெரிய அடுப்பு உலகத்தில் கிடையாது.

அப்படியானால் மழைக்கு என்ன செய்வது? கேள்வி கேட்டவரின் உண்மையான பிரச்னை இதுதான். அதற்கு நான் சொல்லும் வழி இரண்டு பகுதி கொண்டது.

முதலாவது, கொதிநீர் முக்கல். உதிர்த்த பச்சை மிளகை ஓட்டைகள் உள்ள பாத்திரத்திலோ மூங்கில் கூடையிலோ போட்டு, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, நீரை வடியவிட்டுப் பரப்புங்கள். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் இதைத்தான் பரிந்துரைக்கிறது. ஐந்தாறு நாள் காயவேண்டிய மிளகு மூன்று, நான்கு நாளில் காய்ந்துவிடும். நிறம் சீரான கறுப்பாக வரும். பூசணத்துக்கும் இடம் குறைகிறது. இதற்குத் தேவை ஓர் அடுப்பும் கொஞ்சம் விறகும்தான். ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவிடாதீர்கள். நேரம் கூடினால் மிளகு வெந்துபோகும்.

இரண்டாவது, சூரியக் கூடார உலர்த்தி. வளைத்த இரும்புக் குழாய் அல்லது மூங்கில் சட்டத்தின்மேல், புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலித்தீன் தாளைப் போர்த்த வேண்டும். தரைக்குக் கறுப்பு வண்ணம். ஒரு முனையில் கீழே காற்று நுழையத் திறப்பு, மறுமுனையில் மேலே ஒரு சிறிய விசிறி. வெப்பம் முழுவதையும் வெயில் பார்த்துக்கொள்ளும். ஈரக்காற்றை வெளியே தள்ள மட்டும் மின்சாரம் வேண்டும். 40, 50 வாட் விசிறிக்கு 100 வாட் தகடு ஒன்று போதும். வெயில் ஏறும்போது விசிறி தானாக வேகம் எடுக்கும், வெயில் இறங்கினால் நின்றுவிடும். பேட்டரிகூடத் தேவையில்லை. உள்ளே வெப்பமானி ஒன்று தொங்கவிடுங்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திறப்பை அகலமாக்குங்கள். இல்லாவிட்டால் மிளகின் வாசனை எண்ணெய் போய்விடும். திடீர் மழை வந்தாலும் மிளகு நனையாது. இரவில் பனியும் இறங்காது.

மூன்று, நான்கு நாள் விடாமல் மழை பெய்தால்? கவாத்து செய்த சில்வர் ஓக் கிளைகள் எல்லோர் தோட்டத்திலும் கிடக்கின்றன. புகை மிளகில் படாதபடி தகரக் குழாய் வழியே வெப்பத்தை மட்டும் உள்ளே கொண்டுபோகும் அடுப்பு ஒன்றைக் கூடாரத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். 100 கிலோ பச்சை மிளகு முழுவதையும் விறகிலேயே காயவைத்தாலும் 40 கிலோ காய்ந்த விறகுக்குள் முடியும். ஆனால், புகை பட்ட மிளகுக்கு வியாபாரி விலையைக் குறைப்பார். அங்கே மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கடித்தால் ‘பட்’டென்று உடைய வேண்டும். ஈரம் 11 சதவிகிதத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு மூட்டை கட்டலாம்.

மின்சாரம் எங்கே பொன்னாக வேலை செய்யும்?

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, ‘இந்த அதிகாரி இயந்திரமே வேண்டாம் என்கிறார்’ என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே கொல்லிமலையில் ஓர் இயந்திரம் ஒரு பயிரையே காப்பாற்றியிருக்கிறது.

கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை என்று இங்கே ரகம் ரகமாகச் சாமை விளைந்தது. அந்த இடத்தைக் குச்சிக்கிழங்கு பிடித்துக்கொண்டதற்குக் காரணம் சேகோ ஆலை கொடுத்த காசு மட்டும் இல்லை. சாமையின் உமி எளிதில் போகாது. உரலில் போட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். காட்டு வேலை முடித்து வந்த பெண்கள் அதன்பிறகு உலக்கை பிடிக்க வேண்டும். ரேஷன் அரிசி வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பாட்டை யார் படுவார்கள்? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்தபோது, விதையைப் பாதுகாப்பதோடு நிற்காமல், உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமங்களில் வைத்தது இந்தக் காரணத்தால்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மனிதர் நாள் முழுவதும் தொடர்ந்து உழைத்தால் உடல் கொடுக்கும் சக்தி சுமார் 75 வாட். எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். ஒரு பெண் முதுகு ஒடியக் குத்தும் ஒரு நாள் உழைப்பு, மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட்டைக்கூடத் தொடவில்லை! 2 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய சாமை அரிசியாகிவிடும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றாலும் செலவு 12 ரூபாய்.

இப்படிப்பட்ட வேலைக்கு மின்சாரத்தை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சுழற்றுவதற்கு, வெளிச்சத்துக்கு, போனுக்கு மின்சாரம். காயவைப்பதற்கும் சூடாக்குவதற்கும் வெயிலும் விறகும். வாசலில் வந்து நிற்கும் விற்பனைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இது சுழற்றுகிற இயந்திரமா, சூடாக்குகிற இயந்திரமா?’ என்பதுதான். சூடாக்குகிற இயந்திரம் என்றால் பேனாவை எடுங்கள்.

தண்ணீரைத் தூக்குகிற செலவு

தண்ணீர் தூக்குவதும் சுழற்றும் வேலைதான். ஆனால், ஆழம் கூடக் கூட மின்சாரத்தை விழுங்கும். அடிவாரத்தில் ராசிபுரம், நாமக்கல் பக்கம் ஆயிரம் அடி போர்வெல் சாதாரணமாகிவிட்டது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஆயிரம் அடி, அதாவது 300 மீட்டர் உயரத்துக்குத் தூக்கக் குறைந்தபட்சம் 0.8 யூனிட் வேண்டும். நீர்மூழ்கி மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவிகிதத் திறனில் ஓடினால் 2 யூனிட் ஆகும். ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் தண்ணீர் கட்ட ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். ஆக, 200 யூனிட். ஒரே ஒரு பாய்ச்சலுக்கு, அதுவும் ஓர் அங்குலத்துக்கு!

1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகுதான் கோயம்புத்தூர் பக்கம் கிணறுகளில் மின்மோட்டார் பரவியது. அந்தக் கிணறுகளில் கவலை ஏற்றம் ஓட்டிய மாடுகளுக்கு அது விடுதலை. பின்னாட்களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினார்கள், 1970-ல் பெருமாநல்லூர் துப்பாக்கிச்சூட்டில் உயிரும் கொடுத்தார்கள். 1990-லிருந்து விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கிடைத்து வருகிறது. அது தேவையானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூடவே ஒன்று நடந்துவிட்டது. பில் வராததால், ‘யூனிட்’ என்ற சொல்லே நம் வயல்களில் மறந்துபோனது. மின்சாரம் இலவசம் என்றாலும் அதைத் தயாரிக்க எங்கோ நிலக்கரி எரிகிறது, எங்கோ ஓடை திரும்புகிறது.

மலையில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. தண்ணீர் மேலே பிறக்கிறது, தோட்டம் கீழே இருக்கிறது. 10 மீட்டர் உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீருக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். சொட்டுநீர்க் குழாய்க்குத் தேவையான அழுத்தம் அவ்வளவுதான். ஊற்றிலிருந்து குழாய் போட்டு, தோட்டத்தின் தலைமாட்டில் 12 மீட்டர் உயரத்தில் ஒரு தொட்டி கட்டி, வடிகட்டி வைத்தால் மோட்டாரே இல்லாமல் மிளகுக்கும் காபிக்கும் சொட்டுநீர் ஓடும். இத்தனை சாய்வை வைத்துக்கொண்டு தோட்டத்தின் அடியில் போர் போட்டு, அந்தத் தண்ணீரை மேலே ஏற்றுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

தோட்டம் ஊற்றுக்கு மேலே இருப்பவர்கள் சோலார் பம்புசெட்டுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகலாம். மானியம் உண்டு. பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியமும் உண்டு. எத்தனை எச்.பி. என்று நீங்களே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். எவ்வளவு உயரம் தூக்க வேண்டும், நாளுக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் 7.5 எச்.பி. வாங்கினார் என்பதற்காக நமக்கும் அதே வேண்டும் என்று நினைப்பது கௌரவக் கணக்கு.

ட்ரோன் பற்றிக் கேட்டவருக்கு: மருந்து தெளிக்கும் 10 லிட்டர் ட்ரோன் ஒரு தடவை பறக்க ஒரு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம்தான் எடுக்கும். சக்தி விஷயத்தில் அது ஊதாரி இல்லை. ஆனால், மரத்தில் ஏறிய மிளகுக்கொடியின் அடிப்பகுதிக்கும், நிழலில் நிற்கும் காபிக்கும் மேலிருந்து தெளித்தால் மருந்து மரத்தின் தலையிலேயே நின்றுவிடும். சமவெளி நெல் வயலுக்கு அது பொருந்தும். நம் தோட்டத்துக்குக் கைத்தெளிப்பானே போதும்.

குளிர்பதன அறை, தனி விவசாயிக்கு வேண்டாம். அது இரவு பகல் ஓட வேண்டும், மின்சாரம் அரை நாள் நின்றால் உள்ளே இருப்பது போய்விடும். அன்னாசியும் வாழையும் விளைவிப்பவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, அடிவாரத்தில் மும்முனை மின்சாரம் நிலையாகக் கிடைக்கும் இடத்தில் யோசிக்கலாம். செங்கல்லும் மணலும் வைத்து, டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மின்சாரம் இல்லாத குளிர்ப்பெட்டியைச் சிலர் கேட்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால், அது காற்று வறண்டிருந்தால்தான் குளிரும். நம் மலையின் ஈரக் காற்றில் மாசி, பங்குனி மாதங்களில் மட்டும் பலன் கிடைக்கும்.

கையில் இருக்கும் போன் எவ்வளவு குடிக்கிறது?

இலையைப் படம் பிடித்துப் போட்டால் நோயின் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. பிள்ளைகள் போனிடம் தமிழிலேயே கேள்வி கேட்கிறார்கள், அது பதில் எழுதுகிறது. அந்தப் பதில் போனுக்குள் தயாராவதில்லை. எங்கோ தொலைவில், மண்டபம் மண்டபமாகக் கணினிகளை அடுக்கிவைத்த தரவு மையத்தில் தயாராகிறது. அதற்கும் மின்சாரம் வேண்டும், அந்தக் கணினிகளைக் குளிரவைக்கவும் மின்சாரம் வேண்டும்.

ஒரு கேள்விக்கு எவ்வளவு? தங்களுடைய செயற்கை நுண்ணறிவிடம் எழுத்தில் கேட்கும் சராசரிக் கேள்வி ஒன்றுக்கு 0.24 வாட்-மணி செலவாகிறது என்று கூகுள் நிறுவனம் 2025-ல் கணக்குக் கொடுத்தது. அதாவது, நாலாயிரம் கேள்விக்கு ஒரு யூனிட். நம் 5 எச்.பி. மோட்டார் கால் மணி நேரத்தில் அந்த ஒரு யூனிட்டைத் தீர்த்துவிடும். மடை நிறைந்த பிறகும் மோட்டாரை நிறுத்தாமல் டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறோமே, அந்தக் கால் மணி நேரத்தில் உங்கள் மகன் நாலாயிரம் கேள்வி கேட்டிருக்கலாம். ஆகவே, பயிர் சம்பந்தமாகப் போனில் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

ஆனால், கேட்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். படம் வரைவதற்கும், வீடியோ செய்வதற்கும், இந்த அறிவைப் பயிற்றுவிப்பதற்கும் பல மடங்கு சக்தி செலவாகிறது. சர்வதேச எரிசக்தி முகமை 2025-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024-ல் உலகத்தின் தரவு மையங்கள் எடுத்த மின்சாரம் சுமார் 41,500 கோடி யூனிட். உலக மின்சாரத்தில் இது ஒன்றரை சதவிகிதம். 2030-ல் இது இரண்டு மடங்குக்கு மேல் ஆகி, 94,500 கோடி யூனிட்டைத் தொடும் என்கிறது அந்த அறிக்கை. அமெரிக்காவில் 2019-ல் மூடிய த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை ஒன்றை, தரவு மையங்களின் தேவைக்காக மறுபடி திறக்க மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2024-ல் ஒப்பந்தம் போட்டது. நமக்குப் பக்கத்தில் விசாகப்பட்டினத்தில் கிகாவாட் அளவில் தரவு மையம் அமைக்கப்போவதாக 2025-ல் கூகுள் அறிவித்திருக்கிறது. சென்னையிலும் சிறுசேரி, அம்பத்தூர் பக்கங்களில் தரவு மையங்கள் வளர்ந்து வருகின்றன.

ஒரு கிகாவாட் என்றால் எவ்வளவு என்று எண்ணைப் பார்த்துப் புரிந்துகொள்வது கஷ்டம். நிலத்தில் அளந்து பார்ப்போம். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் அமைந்த சூரிய மின் பூங்காவின் அளவு 648 மெகாவாட். இடம் சுமார் 2,500 ஏக்கர். இரவு, மேகம் எல்லாம் போக, சோலார் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குதான் கொடுக்கும். 130 மெகாவாட் என்று வையுங்கள். ஒரு கிகாவாட்டை இரவு பகலாக முழுச் சுமையில் ஓட்ட ஏழெட்டுக் கமுதிகள் வேண்டும். ஏறக்குறைய 19,000 ஏக்கர். நம் கொல்லிமலையின் மொத்தப் பரப்பு சுமார் 280 சதுர கிலோமீட்டர். அதில் கால் பங்குக்கும் மேல் தகடு விரித்தது போல ஆகும். நகரத்தில் இருப்பவர்களுக்குத் தரவு மையம் ஒரு கட்டடம். அதற்கு வேண்டிய மின்சாரத்தை வெயிலில் எடுப்பதென்றால், தகடு வைக்கும் நிலம் கிராமத்தில்தான் இருக்கிறது. நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்குக் கேட்டு யாராவது வந்தால், காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓடை நமக்கு என்ன கொடுக்கும்?

நம் மலையின் ஓடை நீரைத் தடுப்பணைகளில் சேர்த்து, அடிவாரத்துக்கு இறக்கி 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் கொல்லிமலை நீர்மின் திட்டத்தை மின்வாரியம் எடுத்துச் செய்கிறது. நீர்மின்சாரம் புகை இல்லாதது, வேண்டிய நேரத்தில் திறந்துகொள்ளலாம் என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், அளவைத் தெரிந்துகொள்வது நல்லது. விசாகப்பட்டினம் போன்ற ஒரு கிகாவாட் மையத்துக்கு இப்படி 50 கொல்லிமலைகள் வேண்டும். சாமை அரைக்கும் 2 எச்.பி. இயந்திரங்களானால், அந்த 20 மெகாவாட்டில் 13,000 இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடும். மலையிலிருந்து மின்சாரம் கீழே இறங்கும்போது, மலைக் கிராமங்களுக்கு மும்முனை மின்சாரம் ஒழுங்காக ஏறவும் வேண்டும் என்று கிராம சபையில் கேட்பது நம் உரிமை.

அதுவரை சின்ன அளவில் நாமே எடுக்க முடியுமா? முடியும். கர்நாடகத்தின் மலைநாட்டிலும் குடகிலும் காபித் தோட்டக்காரர்கள் ஓடையில் குழாய் போட்டு, வீட்டளவு டர்பைன்களை வைத்திருக்கிறார்கள். இலங்கையில் சபரகமுவ மலைக் கிராமங்களில் 1990-களிலிருந்து நூற்றுக்கணக்கில் சிறு நீர்மின் நிலையங்கள் வந்தன. ஊர் மக்களே சங்கம் வைத்து, வீட்டுக்கு 100, 200 வாட் என்று பங்கு பிரித்து ஓட்டினார்கள். பிற்பாடு அரசாங்க மின்கம்பி ஊருக்குள் வந்ததும் அவற்றில் பல கைவிடப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். கம்பி நன்றாக இருக்கும் ஊரில் இதற்காகச் செலவு செய்யாதீர்கள். கம்பியின் கடைசியில், விளக்கு மினுக் மினுக்கென்று எரியும் ஊர்களுக்குத்தான் இது பொருந்தும்.

அளப்பது எளிது. 200 லிட்டர் டிரம்மை ஓடைக்குக் கீழே வைத்து, தண்ணீர் முழுவதையும் ஒரு குழாயில் திருப்பி விடுங்கள். 40 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 5 லிட்டர். தண்ணீர் எடுக்கும் இடத்துக்கும் டர்பைன் வைக்கும் இடத்துக்கும் நேர்க்குத்து உயரம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். குழாயின் நீளத்தை அளந்துவிட்டு அதையே உயரம் என்று சொல்லக்கூடாது. நீர் மட்டக் குழாய் வைத்துக் கொத்தனார் அளப்பது போலப் படிப்படியாக அளக்கலாம். விநாடிக்கு எத்தனை லிட்டர் என்பதையும் உயரத்தையும் பெருக்கி, 5-ஆல் பெருக்கினால் எத்தனை வாட் கிடைக்கும் என்று வரும். 5 லிட்டர், 30 மீட்டர் என்றால் 750 வாட். ஒரு எச்.பி. அளவு. இரவு பகல் ஓடினால் நாளுக்கு 18 யூனிட். இருபது வீட்டுக்கு விளக்கும் போனும் போக, உலர்த்திக் கூடாரத்தின் விசிறிக்கும் மிச்சம் இருக்கும். டர்பைனைச் சுற்றிய தண்ணீர் குறையாமல் ஓடைக்கே திரும்பும்படி அமைக்க வேண்டும். கீழ்த் தோட்டத்துக்காரருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழாய் காப்புக்காடு வழியாகப் போனால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடிகூடத் தோண்டாதீர்கள்.

ஐப்பசியில் அளந்தால் எல்லா ஓடையும் பெரிய ஓடையாகத்தான் தெரியும். பங்குனி, சித்திரையில் அளந்த அளவுதான் கணக்கு. வரும் கோடையில் அளந்து, தேதி, டிரம் நிறைந்த விநாடி, உயரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, எத்தனை வீடு என்பதையும் குறித்து அனுப்புங்கள். எந்த ஓடைக்கு எது சரிவரும் என்று கேள்வி-பதில் பகுதியில் தனித்தனியாகப் பார்ப்போம்.